அறுபது கிராம்

ஐந்தாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து இரும்புப் பெட்டி அள்ளிவந்த சேற்றில், உருளைக்கிழங்கு போலக் கறுத்த உலோகக் கற்கள் கிடந்தன. கழுவியதுமே அவற்றில் நல்ல உருண்டையாக ஒன்றை இயக்குநர் ஞானதிரவியம் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடலின் அடிமடியைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பவர் ஊரில் எத்தனை பேர்! அலுவலகக் கண்ணாடி அலமாரியில் அதற்கு இடம்கூடப் பார்த்தாயிற்று.

மீதியைக் கப்பலின் ஆய்வாளர் செண்பகவல்லி தராசில் வைத்தாள். இந்த ஒரு பெட்டியை வைத்தே முழுப் பரப்புக்கும் கணக்கிடுவதால், ஒவ்வொரு கல்லும் மதிப்பீட்டில் மூன்று லட்சம் டன்னாகப் பெருகும். ஒன்றேகால் கிலோ தேறினால் இந்தக் கடற்பரப்பு சுரங்கத்துக்கு உகந்தது. தேறாவிட்டால் கைவிட வேண்டியதுதான். உகந்தது என்று இயக்குநர் காலையிலேயே டெல்லிக்குப் பேசி, அமைச்சரிடம் வாழ்த்தும் வாங்கியிருந்தார்.

“அறுபது கிராம் குறையுது சார்.”

“நல்லாப் பாரும்மா. கப்பல் ஆடுதுல்ல, தராசும் ஆடும்.”

“மூணு தடவை பாத்துட்டேன் சார். பெட்டி மேல வந்ததும் எடுத்த படத்துல இருபத்து மூணு கல்லு. தட்டுல இருபத்து ரெண்டுதான் இருக்கு.”

எல்லாரும் குனிந்து தரையில் தேடினார்கள். இயக்குநர் மட்டும் குனியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாட்டுக்குன்னு வந்துட்டா, நமக்குன்னு எதையும் வெச்சுக்கக் கூடாது” என்று சொல்லி, பையிலிருந்த கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார்.

யாரோ கைதட்டினார்கள். அதை அவர் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

செண்பகவல்லி பேனாவைத் திறந்தாள்.

“அறிக்கைல எப்படி எழுதட்டும் சார், உங்க நன்கொடைன்னா?”