கறை படாத புத்தகம்

"இந்தப் புத்தகத்த நீ திறக்கவே இல்ல, தமோயா."

மிஸ் வின்சம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. அந்த வளாகத்தில் அத்தனை குடும்பத்துக்கும் ஒரே குழாய். அங்கே ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர நேரமாகாது.

"படிச்சோம் மிஸ்." தமோயா கையில் இருந்த சோப்பு நுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "தினம் சாயங்காலம் படிச்சோம்."

"படிச்ச புத்தகமா இது? இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு."

கிங்ஸ்டன் நகரத்தின் இந்தப் பக்கத்தில், பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து சொல்லிக்கொடுப்பது மிஸ் வின்சமின் வேலை. திருச்சபையிலிருந்து சம்பளம். வாரம் ஒரு படப் புத்தகம் கொடுப்பாள். அம்மாக்கள் பிள்ளையை மடியில் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுப்பாள். ஒழுங்காகப் படிக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் செப்டம்பரில் சபையின் பாலர் பள்ளியில் இலவசமாக ஓர் இடம். யாருக்கு என்று அவள்தான் சொல்ல வேண்டும். அந்த இடம் போனால் தமோயாவின் மகள் ஷனீல் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மற்ற வீட்டுப் புத்தகங்கள் சோளக்கஞ்சி அப்பி, மூலை மடிந்து, அட்டை நைந்து திரும்பி வரும். ஈஸ்டருக்குப் பிறகு ஆசிரியைகளுக்கு நடந்த பயிற்சியில், பாடம் எடுக்க வந்த ஓர் அம்மாள், அழுக்கான புத்தகம்தான் பிள்ளை படித்த புத்தகம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மிஸ் வின்சமுக்கு அதுவே வேதவாக்கு.

"சரி, பார்த்துடலாம்." கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். "ஷனீல் பேபி, இங்க வா. ஆடு எங்க இருக்கு? விரல் வச்சுக் காட்டு."

ஷனீல் வந்து நின்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் படத்தின்மேல் ஓடியது, கை வரவில்லை.

"சரி, வண்டி எங்க? அதையாவது காட்டு."

ஷனீல் கோத்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"பக்கத்தத் திருப்பத் தெரியுமா? திருப்பு பார்க்கலாம்."

பிள்ளை பின்னால் நகர்ந்தது.

"தொடு பேபி. மிஸ்தானே சொல்றாங்க," என்றாள் தமோயா. ஷனீல் பலமாகத் தலையாட்டி மறுத்தது.

குழாயடியிலிருந்து பக்கத்து வீட்டு மிஸ் ஓர்லீன் சிரித்தாள். "புத்தகத்தப் பார்த்தா பாம்பப் பார்த்த மாதிரி பதறுது, பாவம்."

மிஸ் வின்சமுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நம்பியிருந்தாள். அந்த வருத்தம் அப்படியே தாய்மேல் கோபமாகத் திரும்பியது.

"நாலு வயசாச்சு, ஒரு பக்கம் திருப்பத் தெரியல. நான் வெயில்ல சுமந்துக்கிட்டு வந்து கொடுக்கறேன், நீ அலமாரியில வச்சுட்டு அடுத்த வாரம் எடுத்து நீட்டற."

"மிஸ், அவ ஏன் தொடலன்னா..."

"ஆளுக்கொரு காரணம் வச்சிருக்கீங்க. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு, தமோயா."

இத்தனை பேர் முன்னால் நின்று கெஞ்சுவது தமோயாவுக்கு வராது.

"நீங்க சொன்னா சரி மிஸ்." திரும்பிப் போய்த் துணியை எடுத்து முறுக்க ஆரம்பித்தாள்.

அந்த அலட்சியம்தான் மிஸ் வின்சமுக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

"மிஸ் ஓர்லீன், உங்க ட்ரிஷானாவையும் சேர்த்துக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல? இனிமே புத்தகம் உங்க வீட்டுக்கு. செப்டம்பர்ல இடமும் உங்க பிள்ளைக்குத்தான்."

"ஆண்டவர் உங்கள நல்லா வைக்கட்டும் மிஸ்," என்று சொன்ன மிஸ் ஓர்லீனின் கண் தமோயாவைத்தான் பார்த்தது. தமோயா நிமிரவில்லை.

மாம்பழம் தின்றுகொண்டிருந்த ட்ரிஷானா ஓடி வந்து புத்தகத்தை இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டது. அட்டையில் இருந்த ஆட்டின் முகமெல்லாம் மஞ்சள் சாறு. மிஸ் வின்சமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பார்த்தியா தமோயா? பிள்ளைன்னா இப்படி இருக்கணும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தகரக் கதவுப் பக்கம் நடந்தாள். பின்னால் சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஷனீல்தான். இத்தனை நேரம் தொட மாட்டேன் என்ற பிள்ளை, அடுத்தவளுக்குப் போனதும் பிடுங்கப் பார்க்கிறது என்று நினைத்து, அதட்டுவதற்காகத் திரும்பினாள்.

ஷனீல் பிடுங்கவில்லை. ட்ரிஷானாவின் கையிலிருந்த சாற்றைத் தன் கவுனால் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.

"தொடாத ட்ரிஷ். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நான் கஞ்சி சிந்திட்டேன்னு மிஸ் எங்கம்மாவ எல்லார் முன்னாடியும் பன்னின்னு திட்டினாங்க, அம்மா ரொம்ப அழுதுச்சு. நீ என்னை மாதிரி கையப் பின்னால கட்டிக்கிட்டு உட்காரு, நான் கதை சொல்றேன், எங்கம்மா படிச்சுப் படிச்சு எனக்கு எல்லாப் பக்கமும் மனப்பாடம்."