முன் பெஞ்சு

"ஃபாதர், எனக்கு ஒரு பொம்பளை மேல ஆசை வந்துடுச்சு."

பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்கு அப்பால் ஃபாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டிருந்த தையல்காரருக்கு ஐம்பது வயது. தலை குனிந்து போய், தலை குனிந்து வருகிற மனிதர். இவருக்கா இப்படி?

"யாரு அந்தப் பொம்பளை?"

"தெரியாது ஃபாதர். முகத்தையே பார்த்ததில்ல. கோயில்ல பின்னால, மாடியில நின்னு பாடுறாங்களே, அதுல ஒரு தனிக் குரல். அதைக் கேட்டா நான் நானாவே இல்ல."

சொல்லும்போதே அவருக்குக் கண் சொக்கியது. உயரத்திலிருந்து மெல்ல இறங்கி, சன்னல் வெளிச்சத்தில் தூசியோடு தூசியாக மிதந்து, தோளைத் தொட்டுவிட்டுப் போகும் குரல். அப்புறம் வாரம் முழுக்க, தையல் மெஷின் சத்தத்துக்கு அடியில் அதே பாட்டுதான். போன வாரம் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்துவிட்டார் மனிதர்!

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"இல்ல ஃபாதர். பார்த்தா போச்சு! முன் பெஞ்சுல மரம் மாதிரி உட்கார்ந்திருப்பேன். பூசை முடிஞ்சதும் முதல் ஆளா வெளிய ஓடிடுவேன். என் வீட்டுக்காரி பாவம் ஃபாதர். பூசைக்கு வர்றவங்களோட கைக்குழந்தைகளைப் பார்த்துக்கிறேன்னு கோயில் பின்னறைக்குப் போயிடுவா. அவளுக்குப் போய் துரோகம் பண்றேனே!"

"அவங்களோட மனசு விட்டுப் பேசுவீங்களா?"

"என்னத்தைப் பேச? சோறு போடுவா, சாப்பிடுவேன். தங்கமானவ. வாயே திறக்க மாட்டா."

ஃபாதர் இருமினார். இருமலா, சிரிப்பா என்று தையல்காரருக்கு விளங்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை அந்தக் குரல் கேட்டதும் திரும்பிப் பாருங்க. அதான் உங்களுக்குப் பரிகாரம்."

"ஐயையோ! பாவத்துக்கு நீங்களே வழி காட்டுறீங்களே!"

"பார்த்துட்டு வந்து என்னோட சண்டை போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குரல் எழுந்தது. கோயில் முழுவதும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசைந்தது. தையல்காரர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். 'ஆண்டவரே, என் வீட்டுக்காரிக்கு நான் உண்மையா இருக்கணும், கைவிட்டுடாதீங்க' என்று வேண்டிக்கொண்டே மெல்லத் திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

மாடியில் கண்களை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள், கல்யாணமான புதிதில் "பாட்டுப் பாடி என் மானத்தை வாங்காதே" என்று அவர் அதட்டியதிலிருந்து வீட்டில் ஒரு வரிகூட முணுமுணுக்காத அவருடைய மனைவி.