தவிட்டில் வளர்ந்த குட்டிகள்

மாமனார் கேட்டைத் திறந்ததுமே பட்டியிலிருந்த பன்றிக்குட்டிகள் கிறீச்சிட்டுக்கொண்டு தடுப்புக்கு ஓடி வந்தன. துக்க வீட்டுக்குப் போனவர் இரண்டு நாள் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுதான் வருதுங்க மாமா. நீங்க திட்டின திட்டுக்குக் கடிக்காம விடாது," என்றான் மருமகன்.

பால் மறந்த குட்டிகளுக்கு மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டு, மில்லில் கழிக்கிற பருப்புத் தோலையும் தவிட்டையும் போட்டே வளர்த்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டவன் அவன். "சக்கையைத் தின்னு சதை வைக்குமா? உங்க மண்டைக்குள்ளயும் அதான் இருக்கு போல," என்று தெருவே கேட்கக் கத்தியவர் இவர். தினமும் விடிந்ததும் முதல் ஆளாகப் பட்டிக்குப் போய், ஒரு பாட்டம் திட்டிவிட்டு வந்தால்தான் அவருக்குத் தேநீர் இறங்கும்.

கோழி வைத்தான், சீக்கில் போனது. ஆடு வைத்தான், அதுவும் கையைக் கடித்தது. "இதுவும் கவுந்தா இந்த வீட்ல உக்காந்து திங்க மாட்டேன். எங்கயாவது மூட்டை தூக்கப் போயிடுவேன்," என்று அவன் சொன்ன அன்று மகள் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆனால் குட்டிகள் வளர்ந்தன. முதுகு உருண்டு, தோல் மினுங்கியது.

"நீங்க இல்லாதப்ப ஒரு வேலை பண்ணிட்டேன் மாமா." மருமகன் கொட்டகைக் கதவைத் தள்ளினான். கூரை முட்டத் தவிட்டு மூட்டைகள். சோளம் குவித்திருந்த மூலை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"சோளம் எங்க?"

"மொத்தத்தையும் மில்லுக்காரர்கிட்டக் குடுத்துட்டு இதை எடுத்துட்டேன். வருஷம் பூரா தாங்கும். அடுத்த ஈத்துக் குட்டிங்களுக்கும் இதேதான்."

"திருப்பி வாங்க முடியாதா?"

"நேத்தே அரைச்சுட்டாங்க. ஏன் மாமா, பொறாமையா?"

"இப்பவாவது அவர் கெட்டிக்காரர்னு ஒத்துக்குங்கப்பா," என்று மகள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பெரியவர் பட்டிக்குத் திரும்பினார். தொட்டியில் வைத்த தீனி வைத்தபடி காய்ந்திருந்தது.

"ரெண்டு நாளா சரியாத் திங்கல. புதுச் சாக்கு வாடை பிடிக்கல போல," என்றான் மருமகன்.

குட்டிகள் தடுப்பின் இடுக்கில் மூக்கை நுழைத்து அவர் வேட்டி மடியை முட்டிக்கொண்டே இருந்தன. அவர் மடியை உதறிக் காட்டினார். ஒன்றுமில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னார்:

"தெனமும் அதுங்களுக்குச் சோளம் போட்டது நான்தான், மாப்ள."