நயமான சொல்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு முடிந்ததும், புதிதாகச் சேர்ந்திருந்த இஃபாத் மட்டும் தயங்கி நின்றாள்.

"சார், எனக்குப் பேசியிருக்கிற கல்யாணம் வேணாம்னு மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதணும். பின்வாங்குறேன்னு சொல்ல 'பேக் அவுட்'னு போடலாமா?"

"அது முரட்டுத்தனம்" என்றான் பாடம் நடத்திய அஃப்ரித்.

"'ரிட்ரீட்'?"

"அது பட்டாளத்துக்கு. 'வித்ட்ரா'ன்னு போடுங்க. ஏன் இங்கிலீஷ்ல எழுதுறீங்க?"

"மாப்பிள்ளை இங்கிலீஷ்ல பெரிய ஆளாம். பேருகூட நான் கேட்டுக்கல. தப்பு இருந்தா சிரிப்பாரு."

அஃப்ரித் எல்லாவற்றையும் திருத்தி, மனம் நோகாதபடி இரண்டு வரி சேர்த்தும் கொடுத்தான்.

மறுநாள் காலை உம்மா கைபேசியை நீட்டினார். "உனக்குப் பேசியிருக்கிற பொண்ணு இங்கிலீஷ்ல என்னமோ அனுப்பியிருக்கு. படிச்சுச் சொல்லு."

பெண் பார்க்கும் பொறுப்பை உம்மாவிடமே விட்டிருந்த அஃப்ரித், நிதானமாகக் கடைசிவரை படித்தான்.

"என்னடா எழுதியிருக்கு?"

"ஒரு தப்பும் இல்ல, உம்மா."