தபால் வாக்காளர் ரிஸ்மி

தேர்தல் அலுவலகத்தில் தபால் வாக்கு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது ஷஹ்மாவின் வேலை. கிளிநொச்சியில் கண்ணிவெடியை மிதித்து இறந்த அவள் கணவன், இராணுவச் சிப்பாய் ரிஸ்மியின் விண்ணப்பமும் தேர்தலுக்குத் தேர்தல் வரும். வாக்காளர் இடாப்பில் அவன் பெயரை வெட்டிவிட அவளுக்கு மனம் வந்ததில்லை. கையெழுத்து அவனுடையதுதான். முதலில் வவுனியா முகாமிலிருந்து வந்தது, பிறகு தம்புள்ளையிலிருந்து, போன முறை ஊருக்கு இன்னும் கிட்ட, மாத்தளையிலிருந்து. படிவத்தில் பிழை இருக்காது. அவளும் ஏற்றுக்கொண்டுவிடுவாள்.

இம்முறை வரவில்லை.

"அக்கா, இன்னைக்கோட திகதி முடியுது. உங்க வீட்டுக்காரரோட ஃபோர்ம் வரலையே?" என்றாள் பக்கத்து மேசைக் கஜனி.

"ஊர்ல இருக்கிறவருக்கு தபால் வோட்டு என்னத்துக்கு?"

மாலையில் ஷஹ்மா கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு நடந்தாள். வாசலில் சேறு காயாத இராணுவச் சப்பாத்து கிடந்தது, ஒற்றைச் சப்பாத்து. அதைத் தாண்டி உள்ளே போய், இரண்டு பேருக்குத் தேநீர் வைத்தாள்.