மாட்டாத சிவப்பு அட்டை

“பயப்படாம சொல்லுங்க தம்பி. இது அவ்வளவுதானா?” நிலவறைப் படிக்கட்டின் கீழே டார்லீன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

பழுதுபார்க்க வந்திருந்த டுவெய்ன் குனிந்து உள்ளே பார்த்தான். வீடு முழுக்கச் சூடு தர வேண்டிய அந்தக் கிழட்டு கேஸ் ஃபர்னஸ், பற்றிய வேகத்திலேயே அணைந்து கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. எரிந்த கொஞ்ச நேரமும் பர்னரில் தீ மஞ்சளாகச் சோம்பி நின்றது. வெளியே மினசோட்டாக் குளிர். மேலே முன்னறையில் அவள் கணவர் ராய் போர்வைக்குள் இருமுவது இங்கே வரை கேட்டது.

“போன ஜனவரியில இது படுத்துக்கிச்சு. அவரை ஆஸ்பத்திரியிலேருந்து உசிரோட கொண்டாந்ததே பெரும்பாடு. இன்னொரு தடவை தாங்க மாட்டார் தம்பி,” என்றாள். “சிவப்பு அட்டை மாட்டிடுவீங்களா?”

சிவப்பு அட்டை மாட்டிவிட்டால் அப்புறம் அந்த ஃபர்னஸை யாரும் பற்றவைக்கக் கூடாது. புதுசுதான் போட வேண்டும். டுவெய்னின் முதலாளிக்கு அந்த அட்டைமேல் அப்படி ஒரு காதல். கொஞ்சம் பழசாக இருந்தால் போதும், நன்றாக ஓடுவதற்கும் அட்டையை மாட்டி, பயமுறுத்திப் புதுசைத் தலையில் கட்டிவிடுவார். எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாரோ. அந்தப் பிழைப்பு டுவெய்னுக்குக் கசந்துபோயிருந்தது. இன்று காலையில்கூட, “இரக்கம் கிரக்கம்னு ஆரம்பிச்சே, வேற வேலை பார்த்துக்க” என்று எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்.

“உங்க வீட்ல மாட்ட மாட்டேம்மா. ஓட வெச்சிட்டுத்தான் போவேன்,” என்றான்.

ஏனோ அவள் முகம் தெளியவில்லை. “உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்? முடியலைன்னா விட்டுடுங்க.”

“சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல.”

பிரஷ் எடுத்துவர வண்டிக்குப் போனவன், படியில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். “கைப்பிடி எங்கம்மா?”

“கழட்டி வெச்சிருக்கேன். வழி அகலமா இருக்கட்டும்னு.”

இந்த வயதில் கைப்பிடிகூட இல்லாமல் ஏறி இறங்குகிறாளே என்று அவனுக்குப் பாவமாக இருந்தது. போகும்போது அதையும் மாட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்விட்சை அணைத்தான், கேஸ் வால்வை மூடினான். ஜன்னலைத் திறந்து, கேஸ் வாடை துளியும் இல்லை என்று மோந்து பார்த்த பிறகே பர்னர்களைக் கழற்றினான். உள்ளே துருவும் சிலந்திக் கூடும் அடைத்துக் கிடந்தன.

“பாருங்கம்மா, காத்துப் போக வழியில்ல. அதான் மஞ்சளா எரியுது. இதுக்குப் போய்ப் புதுசு வாங்குங்கன்னு சொல்றவனை என்ன பண்றது?”

டார்லீன் மேலே வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பர்னர்களைச் சுத்தமாகத் தேய்த்தான். தீ எரிகிறதா என்று உணர்ந்து சொல்லும் மெல்லிய கம்பியில் படிந்திருந்த கரியை உப்புத்தாளால் எடுத்தான். எல்லாவற்றையும் பொருத்தி, வால்வைத் திறந்து, கசிவு பார்த்து, ஸ்விட்சைப் போட்டான்.

பர்னர்கள் வரிசையாக நீலமாகப் பற்றின. விசிறி சுழலத் தொடங்கியும் சுடர் ஆடவில்லை, ஆகவே உள்ளே விரிசல் இல்லை. அவன் கையிலிருந்த விஷவாயு மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

“எத்தனை நாளைக்கு ஓடும்?” என்று கேட்டாள் டார்லீன்.

“இதுக்கு என் வயசும்மா. சத்தியம் பண்ணித் தர முடியாது. ஆனா இன்னிக்கு இதுமேல ஒரு குறையும் சொல்ல முடியாது.”

அவள் ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த அழுகைக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று டுவெய்னுக்குத் தோன்றியது.

அப்போதுதான் முதலாளியின் போன் வந்தது. “அட்டை மாட்டினியா இல்லையா?”

“மாட்டல. மாட்டவும் மாட்டேன்.”

“அப்ப வண்டிச் சாவியை வெச்சிட்டு வீட்டுக்குப் போ.”

வேலை போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் டுவெய்ன் படியேறினான். முன்னறையில் ஹால்வர்சன் என்ற, கவுன்ட்டி என்னும் மாவட்ட நிர்வாகத்தின் நலத்திட்ட அலுவலர் பனி படிந்த கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். தரையிலிருந்த கம்பித் தடுப்பின்மேல் கையை நீட்டிப் பார்த்தார். சூடான காற்று வந்துகொண்டிருந்தது.

“நல்லா ஓடுதேம்மா,” என்றார். “அட்டை மாட்டுன ஃபர்னஸுக்குப் பதிலாத்தானே கவுன்ட்டி இனாமாப் புதுசு போடும். எங்கிட்ட இந்தக் குளிர்காலத்துக்கு மிச்சமிருந்தது ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குன்னுதான் வண்டியில ஏத்திட்டு வந்தேன். அடுத்து காத்திருக்கிறவங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன், தப்பா நினைக்காதீங்க.”

கதவு சாத்திக்கொண்டது. போர்வைக்குள் ராய் மறுபடி இருமத் தொடங்கினார்.

டுவெய்ன் டார்லீன் பக்கம் திரும்பினான். “முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

டார்லீன் அவனை வெறுப்போடு பார்த்தாள். “நல்லா ஓடுறதுக்கே அட்டை மாட்டுற கம்பெனின்னு விசாரிச்சுதானே உங்களைக் கூப்பிட்டேன்.”