முத்துமாலை அஞ்சலகம்

"தபாலாபீசுக்கே எங்கண்ணன் பேர வைக்காவ, வெறுந்தலையோடயா வருவிய மதினி?" என்று காலையில் நாத்தனார் பூங்கனிதான் இசக்கியம்மாளின் கொண்டையில் மல்லிகையைச் சுற்றி ஊசி குத்திவிட்டாள். தபால்காரர் முத்துமாலை வெள்ளத்தன்று பையோடு ஆற்றில் இறங்கியவர்தான்; கரையேறவும் இல்லை, உடம்பு கிடைக்கவும் இல்லை. அன்றிலிருந்து இசக்கியம்மாள் ஒரு நாளும் குங்குமம் வைக்காமல் இருந்ததில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவாள். ஊரில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அஞ்சலக வாசலில் எம்.எல்.ஏ. பெயர்ப்பலகையின் கயிற்றை இழுத்தார். பட்டுத்துணி நழுவி விழுந்தது. 'அமரர் முத்துமாலை நினைவு அஞ்சலகம்.' கைதட்டல் காதை அடைத்தது. இசக்கியம்மாளின் கண் முதல் சொல்லைத் தாண்டவே இல்லை. முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பலகையைப் பார்த்துவிட்டு, திரும்பி அவள் நெற்றியைப் பார்த்தார்கள். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. "பொறுத்துக்கிடுங்க மதினி, எல்லாரும் பாக்காவ" என்று காதருகில் பூங்கனியின் குரல் கேட்டது. காலையில் மல்லிகைக்குக் குத்திய ஊசியை உருவ அவள் விரல்கள் மதினியின் பின்னந்தலையில் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தன.